பரிசு வைத்தால் வருவார்களா, வருகிறவர்களும் ஓடுவார்களா? சனிக்கிழமை ஓவிய வகுப்பிலிருந்து ஒரு கேள்வி

வரைதாள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பொதுக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்துகிறோம். கட்டணம் கிடையாது. ‘6 முதல் 16 வயது வரை’ என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அதில் 16 என்பது எங்கள் ஆசை மட்டும்தான். 11, 12 ஆனதும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். ஆறு வயதுக் கூட்டம் பெருகிக்கொண்டே போகிறது, மேலே ஆளே இல்லை.

போன மாதம் ஒன்று நடந்தது. நான்கு வருடமாக ஒரு வாரம் விடாமல் வந்துகொண்டிருந்த பெண், இப்போது பன்னிரண்டு வயது. முன்பெல்லாம் வந்த வேகத்தில் தாளை நிரப்பிவிட்டு ‘இன்னொன்று கொடுங்கள்’ என்று வந்து நிற்பாள். இப்போது இடது கையைத் தாளைச் சுற்றி வேலி போல வைத்துக்கொண்டுதான் வரைகிறாள். அன்றைக்கு ஒரு கையை வரைந்துகொண்டிருந்தாள். விரல்கள் சரியாக வரவில்லை. அழித்தாள், வரைந்தாள், மறுபடி அழித்தாள். கடைசியில் அந்த இடத்தில் தாள் பஞ்சு பஞ்சாகக் கிளம்பிவிட்டது. நான் அருகே போனதும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தம்பி மட்டும் வருகிறான்.

இதற்கு நடுவில் ஒருவர் உதவ முன்வந்திருக்கிறார். நல்ல மனிதர். ‘வருடக் கடைசியில் போட்டி வையுங்கள், முதல் மூன்று பரிசு என் பொறுப்பு. பரிசு என்றால் பெரிய பிள்ளைகளும் வருவார்கள்’ என்கிறார். எங்களில் இரண்டு பேருக்குச் சம்மதம். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இருவர்_அம்மா எழுதியது:

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். பெரியவனுக்கு ஏழு வயதில் ஒரு போட்டியில் முதல் பரிசு. இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரமாக ஒரு வீடு. அவ்வளவுதான், அடுத்த மூன்று வருடமும் அதே இரண்டு மலை, அதே சூரியன். ‘வேறு ஏதாவது வரையேன்’ என்றால், ‘இதுதான் ஜெயிக்கும்’ என்பான். சின்னவள் அதே போட்டியில் ஒன்றும் வாங்கவில்லை. ‘அண்ணனுக்குத்தான் வரையத் தெரியும்’ என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். ஒரே பரிசில் இரண்டு பேரும் போனார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எனக்கு இந்த வாதம் பிடிபடவில்லை. ஓட்டப்பந்தயத்தில் முதல், இரண்டாவது என்று கொடுக்கிறோம். பாட்டுக்குக் கொடுக்கிறோம். ஓவியத்துக்கு மட்டும் என்ன கண்ணாடிப் பாத்திரமா, தொட்டால் உடைய? நான் இதுபோன்ற ஒரு குழுவுக்குப் பல வருடம் வரவு செலவு பார்த்தவன். காசு கொடுக்கிறவருக்கு மேடை வேண்டும். பெற்றோருக்குச் சான்றிதழ் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் மூன்றாவது வருடம் கூடத்துக்கு வாடகை கட்ட ஆளிருக்காது. பரிசு வேண்டாம் என்று சொல்லுமுன் பெயிண்ட் எங்கிருந்து வரும் என்று சொல்லுங்கள்.

பழைய தூரிகை எழுதியது:

முப்பது வருடம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கணக்குப்பிள்ளை ஐயா கேட்டது நியாயமான கேள்வி. முதலில் பரிசு விஷயத்தைப் பார்ப்போம், பெயிண்டுக்கு அப்புறம் வருகிறேன்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டின் நர்சரிப் பள்ளியில் செய்த ஆய்வு. ஏற்கெனவே விரும்பி வரைகிற 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிடம், ‘மார்க்கரால் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது பகுதிக்கு அதே சான்றிதழ், ஆனால் சொல்லாமல் வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் மார்க்கரைச் சும்மா வைத்துவிட்டு, யார் தானாக எடுத்து வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்ற இரண்டு பகுதியினரைவிடப் பாதி அளவு நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆக, சிக்கல் பரிசில் இல்லை, ‘இதைச் செய்தால் அது’ என்ற பேரத்தில் இருக்கிறது. விளையாட்டாக இருந்தது கூலி வேலையாகிவிடுகிறது.

இன்னொன்று உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1982-இல் தெரசா அமாபிலே வெளியிட்டது. 7 முதல் 11 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு விருந்துகள் வைத்துக் காகிதம் வெட்டி ஒட்டிப் படம் செய்யச் சொன்னார். ஒரு விருந்தில் சிறந்த படத்துக்குப் பரிசு. இன்னொன்றில் அதே பரிசுகள், ஆனால் குலுக்கல் முறையில். எது எந்த விருந்தில் செய்தது என்று சொல்லாமல் ஓவியர்களிடம் மதிப்பிடக் கொடுத்தார். போட்டிக்காகச் செய்த படங்கள் படைப்புத்திறனில் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான், அதை வைத்து உலகத்தையே அளக்க வேண்டாம். ஆனால் இருவர்_அம்மா சொன்ன இரண்டு மலையும் சூரியனும் ஏன் என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. ஜெயிக்க வேண்டுமென்றால் பிள்ளை தெரிந்த வழியில்தான் போகும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஐயா, குலுக்கல் என்றீர்களே, அது நல்ல யோசனையாக இருக்கிறதே! பரிசும் உண்டு, மேடையும் உண்டு, தோற்றவரும் இல்லை.

ஆனால் 3 வயதுப் பிள்ளையின் மார்க்கரை வைத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தீர்ப்பு எழுதலாமா? அந்தப் பெண்ணுக்கு யாரும் பரிசு தருவதாகச் சொல்லவில்லையே. பரிசு இல்லாத வகுப்பிலிருந்துதானே அவள் போனாள்?

மண்கை எழுதியது:

கணக்குப்பிள்ளை கடைசியில் கேட்டதுதான் இந்த இழையிலேயே சரியான கேள்வி.

நான் பானை செய்கிறவள். வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளுக்குக் களிமண் வகுப்பு எடுக்கிறேன். அந்தப் பெண் பரிசு இல்லாமல் போகவில்லை. ‘எப்படி’ என்று யாரும் சொல்லித் தராததால் போனாள். வரைதாள், கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். உங்கள் வகுப்பில் ‘இஷ்டத்துக்கு வரையுங்கள்’ என்பதுதானே பாடம்?

ஆறு வயதில் அது அமிர்தம். பிள்ளைகள் படம் வளர்கிற விதத்தில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கிறுக்கல், அப்புறம் தலையிலிருந்தே கால் முளைத்த மனிதர்கள், ஏழு எட்டு வயதில் தாளின் அடியில் ஒரு கோடு தரை, மேலே ஒரு பட்டை வானம், இரண்டுக்கும் நடுவில் வெறும் வெள்ளை. வியன்னாவிலிருந்து அமெரிக்கா போன விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் இதை விரிவாக எழுதினார். ஒன்பது வயதுக்குமேல் பிள்ளைக்குப் ‘பார்ப்பதுபோல் இருக்க வேண்டும்’ என்ற ஆசை வருகிறது என்பதையும் சொன்னார். கண் வளர்ந்துவிடுகிறது, கை பின்தங்கிவிடுகிறது. அந்த இடைவெளிதான் உங்கள் பஞ்சு பஞ்சான தாள்.

அந்த நேரத்தில் ‘ரொம்ப அழகாக இருக்கிறதே’ என்று சொல்லிப் பாருங்கள், முறைப்பாள். அழகாக இல்லை என்று அவளுக்குத் தெரியும். நாம் பொய் சொல்கிறோம் என்பதும் தெரியும்.

என் வகுப்பில் ஒரு பையன் ஊதா நிறம் வேண்டும் என்று சிவப்பையும் நீலத்தையும் கலந்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் சேற்று நிறம். ‘எனக்குக் கலக்கத் தெரியவில்லை’ என்று பிரஷ்ஷை வைத்துவிட்டான். தப்பு அவனிடம் இல்லை. டப்பாவில் இருந்தது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு. அதில் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. நீலத்தோடு சேர்ந்தால் மூன்று நிறமும் கலந்து சேறுதான் வரும். ரோஜாப் பக்கம் சாய்ந்த மெஜந்தாவை எடுத்துக் கொடுத்தேன். ஒரே கலக்கலில் ஊதா. அன்று முழுக்க ஊதாவிலேயே வரைந்தான். அவனுக்கு வேண்டியிருந்தது சுதந்திரமும் இல்லை, பாராட்டும் இல்லை. ஒரு தகவல்.

பழைய தூரிகை எழுதியது:

மண்கை அம்மா சொல்வதில் முக்கால்வாசிக்குத் தலையாட்டுகிறேன். கால்வாசிக்குப் பயப்படுகிறேன்.

நான் படித்த காலத்தில் பலகையில் வாத்தியார் ஒரு குவளை வரைவார், நாற்பது பேரும் அதே குவளையை வரைவோம். கோணினால் கையில் அடி. அதிலிருந்து தப்பித்து வந்தவன் என்பதால் ‘சொல்லித் தருவது’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை கூசுகிறது. பிள்ளைகளைச் சுதந்திரமாக வரையவிட்டவர் என்று பெயர் பெற்ற ஃபிரான்ஸ் சிசெக், 1897-இல் வியன்னாவில் பிள்ளைகளுக்கான வகுப்பைத் தொடங்கினார். நான் எதுவும் கற்பிப்பதில்லை என்பார். ஆனால் அங்கே வந்த படங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே சாயல் தெரிகிறது என்று அப்போதே குறை சொன்னவர்கள் உண்டு. கற்பிக்கவில்லை என்று சொல்கிற ஆசிரியரும் எதைப் பார்த்து முகம் மலர்கிறார் என்பதைப் பிள்ளை கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே முழுச் சுதந்திரம் என்று ஒன்று எங்கும் இருந்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

கற்பிப்பதென்றால் குவளையைக் கற்பிக்காமல் பார்ப்பதைக் கற்பியுங்கள். எனக்குப் பலன் தந்தவை மூன்று.

ஒன்று, ஏதாவது ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்து அப்படியே வரையச் சொல்வது. மூக்கு, கண் என்று பெயர் மறைந்து வெறும் கோடாகத் தெரியும், கை கண்ணுக்குக் கீழ்ப்படியும். மூளையின் வலப்பக்கம், இடப்பக்கம் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். பயிற்சி மட்டும் வேலை செய்யும்.

இரண்டாவது, இங்கிலாந்தில் மேரியன் ரிச்சர்ட்சன் என்ற ஆசிரியை செய்தது. கண்ணை மூடச் சொல்லி ஒரு காட்சியைச் சொற்களால் மெதுவாக விவரிப்பார். பிள்ளைகள் மனதுக்குள் அதைப் பார்த்து முடித்தபின்தான் பிரஷ்ஷைத் தொடுவார்கள்.

மூன்றாவது அந்தப் பெண்ணுக்கென்றே சொல்கிறேன். ஒரு துண்டு கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஷீட் வாங்குங்கள், விளிம்பு கையைக் கிழிக்காமல் டேப் ஒட்டிவிடுங்கள். இடது கை விரல்களின்மேல் அதைத் தாங்கிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, ஷீட் வழியாகத் தெரிகிற கையின் விளிம்பை மார்க்கரால் அப்படியே ஷீட்டின்மேல் இழுக்க வேண்டும். தலையையும் கையையும் அசைக்கக் கூடாது. கோணல்மாணலாகத்தான் வரும். ஆனால் நம்மை நோக்கி நீட்டிய விரல் எவ்வளவு குட்டையாகிறது என்று அவள் கண்ணாலேயே பார்ப்பாள். விரல் நீளம் என்று மூளை பிடித்த பிடிவாதம் அங்கே உடையும்.

பதினேழு எழுதியது:

நான் இங்கே வயதில் சின்னவன் என்று நினைக்கிறேன். இப்படி ஒரு வகுப்பிலிருந்து பதின்மூன்றில் நின்றவன், பதினைந்தில் திரும்பப் போனவன். எல்லோரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நின்றதற்குக் காரணம் நாற்காலி. சிரிக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி, முழங்கால் நெஞ்சில் இடிக்கும். பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளை என் படத்தில் கை வைக்கும். ‘நீ பெரியவன்தானே, விட்டுக்கொடு’ என்பார்கள். அப்புறம் வகுப்பு முடிந்ததும் எல்லாப் படத்தையும் போட்டோ எடுத்துப் பெற்றோர் குழுவில் போடுவார்கள். ஆறு வயதில் அது ஜாலி. பதின்மூன்றில் என் பாதி வரைந்த படத்தை வகுப்புத் தோழன் வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் நான் ஏன் வரைய வேண்டும்?

திரும்பப் போனது ஸ்டாப் மோஷனுக்காக. பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒரு மாலை ஒதுக்கினார்கள், என்ன செய்யலாம் என்று எங்களையே கேட்டார்கள். களிமண் பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படம் எடுத்தோம். வினாடிக்கு 12 படம் என்றால் பத்து வினாடிக்கு 120. நான்கு வாரம் வேலை, கடைசியில் ஒரு பொம்மை நடந்துபோய்க் கதவைத் தட்டும், அவ்வளவுதான். அதற்கு முன் நான் எதையும் நான்கு வாரம் செய்ததில்லை.

இன்னொன்று. எங்களுக்கு ஒரு அலமாரியும் சாவியும் கொடுத்தார்கள். பாதியில் நிற்கிற வேலையை யாரும் பார்க்காமல் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சாவிக்காகவே நான் வந்திருப்பேன்.

இருவர்_அம்மா எழுதியது:

தம்பி, அந்தப் பெற்றோர் குழு விஷயம் சுருக்கென்று தைத்தது. நானும் போடுகிறவள்தான். இனிமேல் கேட்டுவிட்டுப் போடுகிறேன்.

நூலகத்தார் எழுதியது:

நடைமுறை விஷயம் சில. போட்டோவுக்குப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பிள்ளையிடம் வாயாலாவது கேளுங்கள், இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் போடாதீர்கள். எந்த நேரத்திலும் அறையில் பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். தன்னார்வலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தனியாக ஒரு பிள்ளையோடு இருக்கக் கூடாது. அது எல்லோருக்கும் பாதுகாப்பு.

களிமண் வைத்திருந்தால் காய்ந்தபின் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கையையும் கருவிகளையும் முதலில் வாளியில் கழுவுங்கள். நேராகத் தொட்டியில் கழுவினால் ஒரே மாதத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும். எனக்கு அடைத்தது, அதனால் சொல்கிறேன்.

பெரிய பிள்ளைகளுக்குச் செலவே இல்லாத ஒன்று கைப்பத்திரிகை. ஒரே ஒரு ஏ4 தாளை மூன்று தடவை மடித்துப் பிரித்து, நடுவில் ஒரு வெட்டுப் போட்டு மறுபடி மடித்தால் எட்டுப் பக்கச் சிறு புத்தகம். விரித்து நகலெடுத்தால் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். வரைய வராது என்கிற பிள்ளைகள்கூட எழுதவும் வெட்டி ஒட்டவும் செய்வார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாம் சரி. உதவுகிறவரிடம் போட்டி இல்லை என்று எப்படிச் சொல்வது? ‘ஓவியம் கற்ற பிள்ளைகளுக்குக் கணக்கிலும் அறிவியலிலும் மதிப்பெண் கூடும்’ என்று ஒரு கடிதம் எழுதினால் மனம் இறங்குவார். நானே எழுதித் தருகிறேன்.

பழைய தூரிகை எழுதியது:

வேண்டாம் ஐயா. அது நிரூபிக்கப்படாத பேச்சு. எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் 2000-இல் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். கலை படிக்கிற மாணவர்கள் தேர்விலும் நன்றாகச் செய்கிறார்கள்தான். ஆனால் கலைதான் காரணம் என்று காட்ட முடியவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் செய்வார்கள் அல்லவா? கலை ஆசிரியர்கள் பலருக்கு அவர்கள்மேல் கோபம். பிறகு அவர்களே சக ஆய்வாளர்களோடு ஓவிய வகுப்புகளில் போய் உட்கார்ந்து, அங்கே உண்மையில் என்னதான் கற்கிறார்கள் என்று கவனித்து எட்டுப் பழக்கங்களை 2007-இல் எழுதினார்கள். கூர்ந்து பார்ப்பது, விடாமல் ஒன்றில் நிற்பது, இல்லாததை மனதில் கண்டு திட்டமிடுவது, தன் வேலையைத் தானே எடைபோடுவது என்று போகிறது அந்தப் பட்டியல். பதினேழு தம்பி ‘நான்கு வாரம்’ என்று சொன்னதை அப்படியே கடிதத்தில் எழுதுங்கள், போதும்.

இன்னும் கனமாக ஏதாவது வேண்டுமென்றால், 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு இருக்கிறது. ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றோடு கலைகளில் பங்குபெறுவதையும் பிள்ளையின் உரிமை என்கிறது. மதிப்பெண் கூடினால் என்று அதில் நிபந்தனை எதுவும் இல்லை.

மண்கை எழுதியது:

போட்டிக்குப் பதில் கண்காட்சி வையுங்கள். எல்லாப் படமும் ஒரே உயரத்தில், ஒரே அளவு அட்டையில். எந்தப் படம் வைப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும், வைக்காமல் இருக்கவும் உரிமை உண்டு. இத்தாலியின் ரெஜியோ எமிலியா மழலைப் பள்ளிகளில் பிள்ளை வேலை செய்யும்போது சொன்ன சொற்களையே எழுதிப் படத்தின் பக்கத்தில் ஒட்டுவார்கள். அதைச் செய்து பாருங்கள், பெரியவர்கள் படத்தைவிட அதைத்தான் நின்று படிப்பார்கள்.

பெயரை மட்டும் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். ஃபிரிடில் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் நாஜிகளின் டெரசின் முகாமில் அடைபட்ட பிள்ளைகளுக்கு ரகசியமாக வகுப்பு எடுத்தவர். படத்தில் பெயர் எழுத வேண்டும் என்று வற்புறுத்துவாராம். 1944-இல் அவரை ஆஷ்விட்சில் கொன்றுவிட்டார்கள். சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் மிஞ்சின. அவற்றின் மூலையில் இருக்கும் பெயர்களை வைத்துத்தான் அது யாருடைய கை என்று இன்றைக்கும் தெரிகிறது. இதைப் படித்த நாளிலிருந்து என் வகுப்பில் பானையின் அடியில் பெயர் கீறாமல் யாரையும் விடுவதில்லை.

வரைதாள் எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். சொன்னதில் எதையெல்லாம் செய்தோம் என்று எழுத வேண்டும் அல்லவா.

உதவுகிறவரிடம் போய்ப் பேசினோம். குலுக்கல் என்றதும் சிரித்துவிட்டார். ‘போட்டி இல்லையென்றால் மேடையில் நான் என்ன பேசுவது?’ என்றார். பேச வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள் என்றோம். யோசித்தார். கடைசியில் பரிசுப் பணத்தைத் தாளுக்கும் பெயிண்டுக்கும் தர ஒப்புக்கொண்டார். மனசார ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது. கண்காட்சி அடுத்த மாதம். எங்கள் குழுவில் ஒருவருக்கு இன்னும் வருத்தம்தான், போட்டி வைத்திருந்தால் கூட்டம் வந்திருக்கும் என்கிறார். வந்திருக்கலாம்.

சின்னவர்கள் போனபின் ஒன்றரை மணி நேரத்தைப் பெரிய பிள்ளைகளுக்கென்று பிரித்தோம். பெரிய நாற்காலி, ஒரு அலமாரி, ஒரு சாவி. முதல் வாரம் இரண்டு பேர். இப்போது ஐந்து. தலைகீழ் வரைதலுக்கு முதலில் கேலி செய்தார்கள், தாளைத் திருப்பிப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஸ்டாப் மோஷன் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாமாம், கைப்பத்திரிகைதான் வேண்டுமாம். சரி என்றேன்.

அந்தப் பெண் நான்காவது வாரம் வந்தாள். தம்பியை அழைத்துப் போக வந்ததாகச் சொன்னாள். தம்பியோ செருப்பைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தான். மேஜைமேல் ஷீட் கிடந்தது. இது என்ன என்றாள். சொன்னேன். நின்றபடியே ஒரு கண்ணை மூடிக்கொண்டு கையை வரைந்தாள். ஆட்காட்டி விரல் இவ்வளவு குட்டையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துடைத்துவிட்டு மறுபடி வரைந்தாள். தம்பி செருப்போடு வந்து நின்று, ‘போலாம் அக்கா’ என்று மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான்.

என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. ஷீட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டாள், எடுத்துக்கொள் என்றேன். இரண்டு வாரமாயிற்று, ஷீட் இன்னும் திரும்பி வரவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

செலவில் எழுதிவிடுங்கள். இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.